மானியம் வருவதற்கு முன்: மாவட்ட அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கத் திட்டமிடுவது எப்படி

அரசு அருங்காட்சியகத்துக்குப் புதுப்பிப்புப் பணம் வருகிற செய்தி பெரும்பாலும் ஒரு போன் அழைப்பாகத்தான் வரும். சட்டமன்றத்தில் துறையின் மானியக் கோரிக்கையில் அறிவிப்பு வந்திருக்கும், அல்லது வரப்போகிறது என்பார்கள். "உங்க மியூசியத்துக்கு எவ்வளவு வேணும்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு தோராய எஸ்டிமேட் அனுப்பிடுங்க." உடனே பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளரைத் தேடிப் பிடிப்பீர்கள். அவர் வந்து தரையை அளப்பார், சுவரை அளப்பார், சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கொடுப்பார். மறுநாள் அந்த எண் தலைமையகத்துக்குப் போய்விடும். அடுத்த இரண்டு வருடம் உங்களைக் கட்டிப்போடப் போவது அந்த எண்தான்.

நான் மாவட்ட அருங்காட்சியகங்களில் காப்பாட்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடற்கரை ஊர், மலையடிவார ஊர், கோட்டைக்குள் இருக்கும் கட்டடம், வாடகைக் கட்டடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மதிப்பீட்டில் ஒரு வரியாக இல்லாத எதுவும் கடைசியில் உங்கள் கட்டடத்துக்குள் வராது. டைல்ஸ் மதிப்பீட்டில் இருக்கும், அதனால் வந்துவிடும். ஐம்பொன் சிலையைப் பத்திரமாகக் கட்டி, தூக்கி, இறக்கி வைப்பதற்கான செலவு இருக்காது. அப்புறம் அந்த வேலையை டைல்ஸ் போட வந்தவரே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடுவார். ஆகவே போன் வருவதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். முதல் பாதிக்குப் பணமே தேவையில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போங்கள்

சுவர், பெயின்ட், விளக்கு எல்லாவற்றையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். பொருள் வரவுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, உடன் ஒரு உதவியாளரை அழைத்துக்கொண்டு, இருப்பு அறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் எண்ணை வாசிக்க, ஒருவர் பொருளைக் காட்ட வேண்டும். இதை ஆண்டுச் சரிபார்ப்பு என்று நினைத்து வேகமாக டிக் போட்டுக்கொண்டே போனால் பயனில்லை. பொருள் எங்கே இருக்கிறது, என்ன அளவு, என்ன நிலை, படம் இருக்கிறதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு வகைச் சிக்கல்கள் கட்டாயம் வரும். எண் இருக்கும், பொருள் இருக்காது. பொருள் இருக்கும், எண் அழிந்திருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு எண் இருக்கும். பழைய காப்பாட்சியர் ஒருவர் புதுப் பதிவேடு தொடங்கியதன் விளைவு அது. நான்காவது, எண் ஒன்று, உடைந்த துண்டுகள் மூன்று இடத்தில். இவற்றைப் புதுப்பிப்புக்கு முன்னால் தீர்க்க வேண்டும். வேலை நடக்கும்போது எல்லாப் பொருளும் இடம் மாறும். அப்போது ஒன்று காணவில்லை என்றால், அது முன்பே காணாமல் போனதா, இப்போது போனதா என்று சொல்ல யாராலும் முடியாது. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பதிவேட்டோடு கோப்புகளையும் தூசி தட்டுங்கள். நம் மாவட்ட அருங்காட்சியகங்களின் நல்ல செப்புத் திருமேனிகளில் பல புதையலாகக் கிடைத்தவை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியர் என்று ஒவ்வொரு மேசையாகத் தாண்டித்தான் சிலை உங்களிடம் வந்திருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கடிதம் எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதங்கள்தான் உங்கள் பொக்கிஷம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் முழங்கை உயரத்தில் ஒரு பார்வதி இருந்தாள். லேபிளில் "பார்வதி. செம்பு. கி.பி. 12-ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் இருந்தது. பார்த்தவர்கள் ஒரு நொடிகூட நிற்க மாட்டார்கள். கோப்பைத் திறந்தால் வட்டாட்சியரின் கடிதம் இருந்தது. மாட்டுக்கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டும்போது மூன்றடி ஆழத்தில், மண்ணில் முகம் கவிழ்த்த நிலையில், மணல் பரப்பி அதன்மேல் வைத்து மூடியிருந்ததாக எழுதியிருந்தார். இடது தோளில் கடப்பாரை பட்ட தழும்பு என்றும் ஒரு வரி. காட்சிப்பேழையைத் திறந்து பார்த்தோம். தழும்பு அப்படியே இருந்தது, அதற்குள் உலோகம் கொஞ்சம் வேறு நிறத்தில் மின்னியது. புது லேபிளில் மாட்டுக்கொட்டகையையும் மணலையும் தழும்பையும் எழுதினோம். அதன் பிறகு பிள்ளைகள் பேழையைச் சுற்றி வந்து தோளைத் தேட ஆரம்பித்தார்கள். யாரோ அவசரத்தில் தூக்கிப் போட்டதாக இருந்தால் மணல் பரப்பியிருக்க மாட்டார்கள், அக்கறையோடு புதைத்திருக்கிறார்கள் என்று ஒரு பையன் தானே சொன்னான். பைசா செலவில்லாத புதுப்பிப்பு இது.

எது எந்த நிலையில் இருக்கிறது

பதிவேட்டு வேலையோடு சேர்த்தே ஒவ்வொரு பொருளின் உடல்நிலையையும் எழுதிவிடுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோல், எண் எழுதிய சீட்டு இரண்டும் இருக்கட்டும்.

செம்பில் வெளிர் பச்சையாக, விரலில் ஒட்டும் மாவு போல் ஏதாவது தெரிந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள். வழவழப்பான கரும்பச்சைப் படிவு வேறு, அது சிலைக்குப் பாதுகாப்பு. இந்த மாவு, உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பதன் அடையாளம். நாகப்பட்டினம், கன்னியாகுமரி போலக் கடற்காற்று வீசும் இடங்களில் இது அதிகம். தேங்காய் நார், புளி, எலுமிச்சை எதையும் கொண்டு போகாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. அங்கே எழுதிக் கேளுங்கள். சிகிச்சைக்கு எத்தனை பொருள் போக வேண்டும் என்ற பட்டியல் இருந்தால் அதையும் மதிப்பீட்டில் ஒரு வரியாகப் போட்டுவிடலாம்.

பாடம் செய்த விலங்குகள் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பழைய காலத்தில் தோலைப் பூச்சியிடமிருந்து காக்க ஆர்செனிக் கலந்த பசையைப் பூசினார்கள். அந்தப் புலியையும் மரநாயையும் துடைப்பத்தால் தட்டித் தூசி கிளப்புகிற வேலையைத் துப்புரவுப் பணியாளரிடம் சும்மா விடாதீர்கள். கையுறை, முகக்கவசம் வேண்டும். வன உயிரினச் சட்டத்தின் பட்டியலில் வரும் விலங்கு என்றால், வெளியே எடுத்துச் செல்வதற்கு முன் வனத்துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுகற்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும். அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிமென்ட் தொட்டியில் நட்டு வைத்திருந்தால் அனேகமாகப் பூத்திருக்கும்.

யார் வருகிறார்கள்

வடிவமைப்பாளர்கள் "விசிட்டர் எக்ஸ்பீரியன்ஸ்" என்று படம் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேலை நாளும் வாசல் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். ஞாயிறன்று குடும்பங்கள் வரும். வேலை நாளில் பள்ளிக்கூடப் பேருந்துகள், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற இளைஞர்கள், ஆஸ்பத்திரியிலோ கோர்ட்டிலோ வேலை முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருப்பவர்கள். டிக்கெட் கவுன்டரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி "டாய்லெட் எங்கே இருக்கு?" என்பதுதான். அப்படியானால் மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் கழிப்பறை இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி. குடிநீர் வேண்டும். சுற்றுலா வந்த பள்ளிக்கூடம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார நிழல் வேண்டும். அந்த நிழல் இல்லையென்றால் அவர்கள் சிற்பப் பூங்காவின் பீடங்களில்தான் உட்காருவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மக்கள் அருங்காட்சியகத்தில் சாமியைப் பார்த்தால் செருப்பைக் கழற்றுவார்கள், கும்பிடுவார்கள், காசு வைப்பார்கள், சிலர் குங்குமமும் வைத்துவிடுவார்கள். "தொடாதே" பலகை வைத்து இதை நிறுத்த முடிந்ததில்லை. கல் பிள்ளையாரைக் கை எட்டாத தூரத்தில், ஆனால் கும்பிட்டு நிற்க இடம் விட்டு வைத்தால் பிரச்சினை பாதி தீரும். இதை வரைபடம் போடும்போதே சொல்ல வேண்டும்.

சுற்று நடை பாதையின் அகலத்தை ஒரு ஆசிரியரும் ஒரு வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக நிற்பதை வைத்துக் கணக்கிடுங்கள். வாசல் படி இரண்டரை அடி உயரம் என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் முப்பது அடி நீளம் வரும். இடம் இல்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டு மாற்றுத்திறனாளி வசதி என்று பலகை மாட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஸ்கூட்டர் ஏறும்.

என்ன சொல்லப் போகிறோம்

நம் மாவட்ட அருங்காட்சியகங்கள் பல்துறைக் கூடங்கள். ஒரு அறையில் பாறை மாதிரிகள், அடுத்ததில் பாம்பு போட்ட ஃபார்மலின் ஜாடி, அதற்கடுத்து வாள், நாணயம், தஞ்சாவூர் ஓவியம். 1910-இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் இந்த மரபுக்கு நல்ல உதாரணம். இதைக் குறையாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மாவட்டத்தின் பாறையும் பறவையும் பானையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அபூர்வம். குறை என்னவென்றால், அவை ஒன்றோடொன்று பேசாமல் துறை வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய்கோ (பானை வனைபவர்), கடல்வழி வணிகம் என்று மனிதர்கள் செய்த வேலையை வைத்துக் கூடங்களைப் பிரித்திருக்கிறார்கள். அது ஒரே இடத்து அகழாய்வுக்காகப் புதிதாகக் கட்டியது. உங்கள் நிலைமை வேறு, பழைய கட்டடம், கலவையான தொகுப்பு. ஆனாலும் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மாவட்டத்தை வேறு எந்த மாவட்டமும் சொல்ல முடியாத மூன்று நான்கு விஷயங்களாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். அரியலூர் என்றால் கடலடியாக இருந்த நிலமும் அதன் புதைபடிவங்களும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் என்றால் நடுகற்களும் மாடு கவரும் சண்டையில் இறந்த வீரர்களும். ஆற்றங்கரை மாவட்டம் என்றால் மடை, ஏரி, பாசனக் கல்வெட்டு. ஒவ்வொரு தலைப்பின் கீழும் பதிவேட்டு எண்களை எழுதுங்கள். எண்ணே வராத தலைப்பை அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பொருள் இல்லாத தலைப்பைத்தான் பின்னால் ஃபைபர் பொம்மையும் வீடியோவும் வைத்து நிரப்புவார்கள்.

எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. பாதிக்கு மேல் இருப்பு அறைக்குப் போகட்டும். ஆனால் அந்த இருப்பு அறைக்கும் அலமாரி, விளக்கு, பூட்டு வேண்டும். அதுவும் மதிப்பீட்டில் ஒரு வரி.

கூரை, கம்பி, தரை

வரைபடம் போடும் வேலையை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கட்டடம் தானாகவே தன் குறைகளைச் சொல்லும். எந்த மூலை ஒழுகுகிறது, எந்தச் சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோடையில் வந்து பார்க்கும் பொறியாளருக்கு அந்த வட்டங்கள்தான் சாட்சி.

பழைய கட்டடம் என்றால் கூரை மெட்ராஸ் தளமாக இருக்க வாய்ப்பு அதிகம். தேக்கு விட்டங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம். ஒழுகுகிறது என்றதும் அதன் மேல் சிமென்ட் கான்கிரீட் ஊற்றச் சொல்வார்கள். எடை கூடும், ஈரம் உள்ளேயே நின்றுவிடும், விட்டத்தின் நுனி சுவருக்குள் உளுத்துப் போகும். சுண்ணாம்பில் செய்ததைச் சுண்ணாம்பில்தான் பழுது பார்க்க வேண்டும். தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரியுங்கள்.

மின் இணைப்பை முழுசாக மாற்றச் சொல்லுங்கள். பகுதி பகுதியாக வேண்டாம். 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீயில் போனது. நம் கூடங்களிலும் ஸ்பிரிட் ஜாடி, பாடம் செய்த விலங்கு, பழைய மரப்பேழை, ஓலைச்சுவடி எல்லாம் இருக்கின்றன. தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு ஒரு முறை சுற்றிக் காட்டுங்கள், அவர்கள் எழுதித் தருவதைக் கோப்பில் சேருங்கள். அந்தக் கடிதம் மதிப்பீட்டுக்கு வலு சேர்க்கும்.

ஏ.சி. பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் கேட்பது அதைத்தான். காலை பத்துக்குப் போட்டு மாலை ஐந்துக்கு அணைக்கிற ஏ.சி., சிலைகளுக்கு ஏ.சி.யே இல்லாததைவிட மோசம். பகலில் உலர்ந்து குளிர்ந்த உலோகத்தின் மேல் இரவில் ஈரக் காற்று வந்து படியும், தினமும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டக் கரன்ட் பில்லுக்கு ஒதுக்கீடு கிடைக்குமா? கிடைக்காது. அதனால் செப்புத் திருமேனிகளுக்குக் காற்றுப் புகாத பேழை செய்து, அடித்தட்டில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் வைத்து, உள்ளே ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைப்பதே நம் நிலைமைக்குச் சரி. செலவும் குறைவு.

தரையில் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம். எல்லா விளக்கும் அதில் தெரியும், மழைநாளில் வழுக்கும். மாடியில் கற்சிலை வைக்கும் ஆசை யாருக்காவது வந்தால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஒரு மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் உயரம், ஐம்பது சென்டிமீட்டர் அகலமுள்ள கருங்கல் துண்டே எண்ணூறு கிலோ.

நகர்த்துவதற்கு ஒரு தனி மதிப்பீடு

பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் மண் அள்ளுவதற்கு, செங்கல் கட்டுவதற்கு, பூச்சுக்கு எல்லாம் விகிதம் இருக்கும். பத்தாம் நூற்றாண்டுச் சிலையை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோவதற்கு இருக்காது. கல்யாணத்தில் பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் பணம் ஒதுக்கிவிட்டுச் சமையல்காரரை மறந்த கதைதான் பெரும்பாலான புதுப்பிப்புகளில் நடக்கிறது. பட்டியலில் இல்லாத இனங்களுக்கு விலைப்புள்ளி வாங்கி வைத்துச் சேர்க்க வழி இருக்கிறது. நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும், பொறியாளர் உங்களுக்காகத் தேடிப் போக மாட்டார்.

அலட்சியத்தின் விலை என்ன என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 2014-இல் இருநூறு ஆண்டு நிறைவு கொண்டாடியது. அதற்கான அவசரப் புதுப்பிப்பில், 2013-இன் கடைசியில், பீகாரின் ராம்பூர்வாவில் கிடைத்த மௌரியர் காலச் சிங்கத் தலை இடம் மாற்றும்போது உடைந்தது. எதிர்ப்பக்க உதாரணம் மும்பையின் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம். 1872-இல் பைகுல்லாவில் திறந்த கட்டடம். மாநகராட்சி, இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை மூன்றும் ஒப்பந்தம் போட்டு 2003-இல் தொடங்கி 2008-இல் மறுபடி திறந்தார்கள். ஐந்து வருடம். யுனெஸ்கோ விருதும் வந்தது. "ஒரே வருஷத்துல முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கட்டடத்தை முழுசாக மூடாமல், ஒவ்வொரு கூடமாகக் காலி செய்து வேலை செய்யத் திட்டமிடுங்கள். காலி செய்த பொருள் எந்த அறையில், யார் சாவியில், எந்தக் காவலரின் கண்ணில் இருக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கற்சிலைகளைத் தூக்க இரும்பு முக்காலி, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி), மெத்தை சுற்றிய பட்டைப் பெல்ட். வெறும் இரும்புச் சங்கிலி கல்லில் படக்கூடாது. செப்புத் திருமேனியைக் கையையோ திருவாசியையோ பிடித்துத் தூக்கவே கூடாது. பீடத்துக்கு அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. ஸ்தபதிகளிடம் வேலை செய்த ஆட்களுக்கு இது பழக்கம். வைக்கும்போது திரும்ப எடுக்கிற மாதிரி வையுங்கள். எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களை 19-ஆம் நூற்றாண்டில் சுவரோடு பதித்துவிட்டார்கள். சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் போக, அவற்றைக் காப்பாற்றுவது பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய வேலையானது.

பேழை, வெளிச்சம், லேபிள்

பேழைக்குள் புது பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, வெல்வெட் துணி எல்லாம் போட்டு அழகாகச் செய்து தருவார்கள். பலகையின் பசையிலிருந்தும் மரத்திலிருந்தும் அமில ஆவி வந்துகொண்டே இருக்கும். மூடிய பேழையில் அது போக வழியில்லை. முதலில் பலியாவது ஈயம். சாதவாகனர் ஈயக் காசுகள் உங்களிடம் இருந்தால், இரண்டு மழைக்காலத்தில் அவை வெள்ளை மாவாகப் பூத்துவிடும், முத்திரை போய்விடும். பவுடர் கோட்டிங் செய்த உலோகச் சட்டம், லாமினேட் செய்த உறுதிக் கண்ணாடி, பழைய பருத்தித் துணியைத் துவைத்துக் கஞ்சி போடாமல் விரித்தது: இதுவே போதும். பேழையின் தளம் 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காசின் விளிம்புதான் தெரியும். பேழையைத் திறக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கேளுங்கள். நான்கு பேர் என்றால் அந்தப் பேழையை யாரும் சுத்தம் செய்யப்போவதில்லை.

ஓலைச்சுவடி, துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். கல்லுக்கும் உலோகத்துக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. லக்ஸ் மீட்டர் பெரிய விலை இல்லை, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நடராஜருக்கு உச்சியிலிருந்து ஒரே விளக்கைப் போட்டால் கண்குழியில் இருட்டு விழுந்து முகமே மாறிவிடும். பக்கவாட்டில் ஒன்றும் எதிர்ப்பக்கம் மங்கலாக ஒன்றும் வைத்துப் பாருங்கள். நிறுவனத்தார் சொல்வதை நம்ப வேண்டாம், இரவு ஏழு மணிக்கு டார்ச் லைட்டை வைத்து நீங்களே சோதித்துவிடலாம்.

லேபிள் எழுத ஆறு மாதம் வேண்டும். இதை யாரும் நம்புவதில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு ஒரு வாரம் முன்னதாகவே தயாராகிவிடும், உள்ளே இருக்கும் சோழர் கல்வெட்டுக்கு லேபிள் தயாராகியிருக்காது. ஐம்பது சொல்லுக்குள் எழுதுங்கள். முதல் வரியில் காலத்தையும் உலோகத்தையும் போடாமல், பார்ப்பவர் கண் எங்கே போக வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். எழுதியதை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் சத்தமாகப் படிக்கக் கொடுங்கள். தட்டுத் தடுமாறும் இடத்தில் பேனாவை வையுங்கள்.

தொடுதிரை வேண்டுமா என்று கேட்பார்கள். ஒன்று போதும். அதுவும் எந்தக் கிராமத்தில் எந்தப் பொருள் கிடைத்தது என்று காட்டும் மாவட்ட வரைபடமாக இருந்தால் நல்லது. எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் ஊரைத்தான். மீதிப் பணத்தில் ஒரு தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுக்குக் கல்லில் நகல் செய்து, பிள்ளைகள் தாங்களே மைப்படி எடுக்க ஒரு மேசை போடுங்கள். காகிதத்தை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எழுத்து மேலெழும்பும்போது அந்த மேசையிலிருந்து அவர்களை இழுக்க முடியாது. கரன்டும் வேண்டாம். பார்வையில்லாதவர்களுக்கும் அதே நகல் உதவும்.

ஒப்பந்தப்புள்ளி

கட்டட வேலையையும் காட்சி அமைப்பையும் ஒரே ஒப்பந்தமாகச் சேர்க்க விடாதீர்கள். "டர்ன்கீ" என்று, எல்லாவற்றையும் ஒருவரே முடித்துச் சாவியைக் கொடுத்துவிடுவார் என்று இனிப்பாகச் சொல்வார்கள். கட்டட ஒப்பந்தக்காரர் காட்சிப்பேழையைத் தச்சரிடம் உள் ஒப்பந்தம் விட்டுவிடுவார். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்குள்ளேயே இரண்டு உறை முறைக்கு இடம் உண்டு: தகுதியும் தொழில்நுட்பமும் ஒரு உறையில், விலை இன்னொன்றில். தகுதி நிபந்தனையை நீங்கள் கவனமாக எழுதினால் பேழை செய்யத் தெரியாதவர் முதல் உறையிலேயே நின்றுவிடுவார். மிக முக்கியமான நிபந்தனை மாதிரிப் பேழை. ஒரே ஒரு பேழையை விளக்கோடும் லேபிளோடும் முழுசாகச் செய்து உங்கள் கூடத்தில் வைத்துக் காட்டி, நீங்கள் கையெழுத்திட்ட பிறகே மீதியைச் செய்யலாம், பணமும் அதன் பிறகுதான் என்று எழுதுங்கள். மாநில நிதி போதாவிட்டால் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு விரிவான திட்ட அறிக்கை கேட்பார்கள். மேலே சொன்னவற்றைச் செய்திருந்தால் அந்த அறிக்கையில் பாதி உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கும்.

திறந்த பிறகு

பெரிய செலவுக்குக் கிடைக்கும் பணம் சில்லறைச் செலவுக்குக் கிடைக்காது என்பது அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். புது விளக்கு ஃபியூஸ் போனால் அதே வகை விளக்கு உள்ளூர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்குமா என்று திட்டத்திலேயே பாருங்கள். கிடைக்காத வகை என்றால் இருபது உதிரி விளக்குகளை ஒப்பந்தத்திலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். மூன்று வருடப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சிலிகா ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறினால் 120 டிகிரியில் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய மின் ஓவனும், பொறுப்பாக ஒரு ஆளும் வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டுத் தனிக் கடிதத்தைத் திட்டத்தோடு இணைத்து அனுப்புங்கள். நிரப்புவார்களோ மாட்டார்களோ, கேட்டதற்குக் கோப்பில் ஆதாரம் இருக்கும்.

கடைசியாக, ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டியதில் பிடித்தம் வைத்த தொகை. விழா முடிந்த வாரமே ஒப்பந்தக்காரர் பணி முடிப்புச் சான்றுக்கு வந்து நிற்பார், நல்லவராகவே இருப்பார், காபியும் வாங்கிக் கொடுப்பார். அந்தத் தொகையை ஒரு முழு வடகிழக்குப் பருவமழை தாண்டிய பிறகே விடுவிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வையுங்கள். மழை முடிந்ததும் சாக்பீஸ் வட்டம் போட்டிருந்த இடங்களை எல்லாம் அவரையும் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.